தறிச் சத்தத்தில் தூங்குகிறவள்

பிரசவத்தில் மனைவி நர்மதா இறந்து எட்டு மாதமாகியிருந்தது. கௌதமன் குழந்தையைப் புதுச்சத்திரத்தில் கொழுந்தியாள் ரஞ்சனியிடம் விட்டுவிட்டு வந்தான். பால் கலக்கவும் துணி மாற்றவும் அவனுக்குத் தெரியும், கொஞ்சிப் பேசத் தெரியாது. பெண்ணின் மடி இல்லாமல் குழந்தை வளராது என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ரஞ்சனி போனில் கூப்பிட்டாள்.

“பகல்ல கண்ணே மூட மாட்டேங்கறா மாமா. மடியில போட்டாலும் கத்தறா.”

“தறிச் சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டா. அங்க அமைதியா இருக்குதில்ல, அதான்.”

அவன் ஊரான இளம்பிள்ளையில் வீட்டு முன்னறையிலேயே இரண்டு விசைத்தறிகள் ஓடின. பக்கத்தில் தொட்டில். அறுந்த இழையை முடிந்துகொண்டே காலால் அதை ஆட்டிவிடுவான். இப்போது ஐந்து நிமிடச் சத்தத்தைப் போனில் பதிவுசெய்து ரஞ்சனிக்கு அனுப்பினான். சற்று நேரத்தில் அவள் மறுபடி கூப்பிட்டாள்.

“தூங்கிட்டாளா?”

“எங்கீங்க தூங்கறது? சத்தம் கேட்டதும் அழுகைய நிறுத்திட்டுத் தலையத் திருப்பித் திருப்பித் தேடுனா. நீங்க இல்லைன்னதும் முன்னைவிடக் கத்தறா. நாள் பூரா நாலு வார்த்த பேசாத மனுசன், உங்களப் போயி இந்தத் தேடு தேடறாளே!”

கௌதமன் இரண்டு தறிகளையும் நிறுத்தினான்.

“அவ துணியெல்லாம் எடுத்து வையி. வாரேன்.”

“பாத்துட்டுப் போகவா, கூட்டிட்டுப் போகவா?”

“கூட்டிட்டு வரத்தான்” என்று சொல்லிவிட்டுப் பஸ்சுக்குக் கிளம்பினான்.