ஒன்று குறைத்து வாசிக்கவும்

1

இந்தக் கதை ஒரு துண்டுச் சீட்டிலிருந்து வந்தது. தேசிய சுகாதாரப் புள்ளிவிவரப் புத்தகம் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அதை ஒட்டியிருந்தார்கள். குழந்தை இறப்பு அட்டவணையில், எங்கள் மாவட்டத்து வரியில், ஒன்று குறைத்து வாசிக்கவும் என்றது. (எந்த எண்ணிலிருந்து என்று எழுதமாட்டேன். பிழை திருத்தும் கதையில் நானே ஒரு பொய் எண்ணை அச்சில் ஏற்றக் கூடாது.)

அந்த ஒன்று யார் என்று சீட்டு சொல்லவில்லை. பிரார்த்தனையில் உட்கார்ந்தாலும் மனம் அங்கேயே நின்றது. மீதியெல்லாம் நான் கற்பித்தது.

2

முதல் தொடக்கம்: 'ஸ்ரீவில்லிபுத்தூரில் கவனக்குறைவான செவிலியர் ஒருத்தி இருந்தாள். அவள்...'

நிறுத்திவிட்டேன். அதற்குள் எனக்கு அந்தச் செவிலியரை, சத்யப்பிரியாவை, பிடித்துப்போயிருந்தது.

3

மறுபடி தொடங்குகிறேன். ஃபஸீலா ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவத்துக்கு ராஜபாளையத்தில் தாய் வீட்டுக்குப் போனாள். பிள்ளை நாலாம் நாள் இறந்தது. அங்கிருந்த செவிலியர் அதைப் பதிந்தார். நாற்பது நாள் கழித்து ஃபஸீலா திரும்பியதும் துக்கம் கேட்கப் போனாள் சத்யப்பிரியா. மாதாமாதம் தான் பார்த்த பெண்ணின் பிள்ளை விடுபட்டுவிடக் கூடாதே என்று தன் பதிவேட்டிலும் எழுதிக்கொண்டாள். அன்பினால் நேர்ந்த பிழை. [இந்த வாக்கியத்தை வெட்டலாம். மனமில்லை.]

இரண்டு வருடம் கழித்து, புத்தகம் வெளிவந்த பிறகு, ஃபஸீலா மறுபடி கர்ப்பமானாள். கர்ப்பகால அட்டை எழுத வந்த சத்யப்பிரியா முதல் பிள்ளையைப் பற்றிக் கேட்டாள்.

"அதத்தான் அங்கயே எழுதிட்டாகளேக்கா."

"யாரு?"

"ராஜபாளையத்து சிஸ்டரு. எங்கம்மா வீட்டுக்கே வந்து எழுதுனாக."

பேனா நின்றது. "நானும் எழுதுனேனே, ஃபஸீலா."

"அப்ப எம்புள்ள ரெண்டு தடவ மவுத்தாயிருக்கானா?" வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு தடவ தாங்குறதுக்கே எம்புட்டுப் பாடு. அத எடுத்துருங்கக்கா. இது பொறக்குறதுக்குள்ள எடுத்துருங்க."

4

வட்டார அலுவலகத்தில் எண்களைக் கூட்டி அனுப்புகிறவர் விஜயபாண்டி.

"டில்லியில அச்சே ஆயிருச்சும்மா. ஒண்ணே ஒண்ணு. எவன் எண்ணிப் பாக்கப்போறான்?"

"பெத்தவ எண்ணிட்டா சார்."

"மெமோ வரும். ஆசையா இருக்கோ?"

"வரட்டும் சார். தப்பு என்னதுன்னு எழுதியே கொண்டாந்திருக்கேன்."

விஜயபாண்டி அந்தக் கடிதத்தைக் கிழித்து...

இல்லை. அப்படியும் ஒரு வரைவு எழுதினேன். கதையில் விறுவிறுப்பு கூடியது, மனிதர் குறைந்துபோனார். இந்த வரைவில் அவர் கண்ணாடியைத் துடைக்கிறார். ராஜபாளையத்துக்குப் போன் போட்டு அந்தப் பதிவின் நகலைக் கேட்கிறார்.

"தமிழ்ல அனுப்புனா அங்க எவன் படிப்பான்? குடு, இங்கிலீஷ்ல அடிச்சுத் தாரேன்." கடைசியில் தன் கையெழுத்தையும் போட்டார். "கூட்டி அனுப்புனது நாந்தானே. மெமோ வந்தா ரெண்டு பேருக்கும் வரட்டும்."

5

பதில் பிந்தியது. ஃபஸீலா இந்த முறையும் தாய் வீட்டுக்குப் போனாள். நாற்பது நாள் முடிந்து பிள்ளையோடு திரும்பினாள். அதற்கு மறுநாள்தான் சீட்டு வந்தது.

அதைப் பார்த்து ஃபஸீலா அழலாம். "இப்பத்தான் வந்துச்சாக்கும்" என்று சிரிக்கலாம். எழுந்து டீ போடப் போகலாம். மூன்றையும் எழுதிப் பார்த்தேன், மூன்றையும் நம்பினேன். இறைவனுக்கு ஒவ்வொரு பிள்ளையையும் தெரியும். அட்டவணை நமக்குத்தான் வேண்டியிருக்கிறது. அதில் ஒரு வரி இப்போது சரியாக இருக்கிறது.

சீட்டின் நகலோடு சத்யப்பிரியாவை வாசல்வரை கொண்டுவந்துவிட்டேன். கதவை நீங்கள்தான் தட்ட வேண்டும். மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே பிள்ளை தூங்குகிறது.