நாலு கை ஊற்றிய தண்ணீர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: அக்கா, அத்தான், எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர், ஆந்தை. ஜன்னலோரக் குழித்தட்டில் உயிரோடு பத்தொன்பது தக்காளி நாற்றுகள். தரையில் விரித்த பழைய செய்தித்தாளில் வரிசையாகக் கிடத்திய பதினெட்டுப் பிணங்கள்.

ஆந்தை என்பது அத்தான் வைத்த பெயர். அக்காவின் தம்பி ஏழு வருடம் ஒரு பார்சல் கிடங்கில் இரவு ஷிப்ட் பார்த்தவன். ஒரு நாள் விடிந்து வீடு திரும்பியவன், செருப்பைக் கழற்றி பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, பால் பாக்கெட்டை வாசல் மிதியடி மேல் விட்டுவிட்டுப் போய்ப் படுத்தான். மறுநாள் வேலைக்கு முழுக்குப் போட்டான். "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்று அக்கா வீட்டுக்கு வந்தான். ஒன்பது மாதம் ஆயிற்று. அந்தப் பத்து நாள் எப்போது முடியும் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டுக்கொண்டாவது கிளம்பியிருப்பான். கேட்காமல் விட்டதுதான் அவனைக் கூடத்து சோபாவோடு ஆணி அடித்து வைத்திருந்தது.

நாற்று வந்த கதை இது. பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு செடிக்கடை. 'ஆள் தேவை. பகல் வேலை' என்று அட்டை தொங்கியது. 'பகல்' என்ற சொல்லை இரண்டு முறை படித்துவிட்டு உள்ளே போனான். கடைக்கார அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

"முன்னாடி என்ன வேலை?"

"ராத்திரி வேலை. விட்டுட்டேன்."

"இதையும் விட்டுருவியா?"

அந்த அம்மாள் ஒரு தாளில் நாற்பது தக்காளி விதைகளை எண்ணிப் போட்டு மடித்துக் கொடுத்தாள். "போன வருஷம் ஒருத்தன் சர்டிபிகேட்டோட வந்தான். பத்தே நாள்ல என் நாத்தெல்லாத்தையும் காலி பண்ணிட்டுப் போயிட்டான். எனக்குப் பேச்சு வேணாம். இதை வீட்ல முளைக்க வை. ஆறு வாரம். சொந்தக் கால்ல நிக்கிற நாத்து இருபத்தஞ்சு கொண்டுவா, அப்புறம் பேசலாம்."

முப்பத்தேழு முளைத்தன. முளைத்த வேகத்தில் ஒல்லியாக, வெளுத்து, ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டி ஓடத் தொடங்கின. அந்த ஜன்னலுக்கு வெளியே இருந்தது வெயில் இல்லை, பக்கத்துக் கட்டடத்துச் சுவர். அத்தான் லிப்ட் மெக்கானிக். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், எங்கோ கழற்றிப் போட்ட பழைய லிப்டின் விளக்கைக் கொண்டுவந்து, நாற்றுகளுக்கு ஒரு சாண் உயரத்தில் சங்கிலியில் தொங்கவிட்டார். "எத்தனையோ பேர் இந்த வெளிச்சத்துல மேல போயிருக்காங்க. இதுங்களும் போகட்டும்" என்றார்.

நாற்றுகள் பச்சை பிடித்தன. அப்புறம்தான் விழ ஆரம்பித்தன. மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூலாகச் சுருங்கும். காலையில் நின்றது சாயங்காலம் தலை சாய்ந்திருக்கும். நாற்றழுகல், மண்ணில் ஈரம் தங்கினால் வருவது என்று எங்கோ படித்தான். ஆனால் அவன் ஊற்றுவது ஒரு நாள் விட்டு ஒரு நாள், மருந்து மூடியால் அளந்து. அதையும் நிறுத்திப் பார்த்தான். நான்கு நாள் ஒரு சொட்டு கூட விடவில்லை. ஐந்தாம் நாள் விரலை விட்டால் மண் பிசுபிசுவென்று ஒட்டியது. கிடங்கில் சரக்குக் குறைந்தால் முதலில் ஆளைத்தான் சந்தேகப்படுவார்கள். அந்தப் புத்தி வேலை செய்தது.

வெள்ளிக்கிழமை சோபாவில் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு விழித்துக் கிடந்தான். தூங்குவதாக நடிப்பது அவனுக்குப் புதிதல்ல.

காலை ஆறு மணிக்கு அக்கா வந்தாள். தையல் கடையில் நாள் முழுதும் காலர் பிரித்துக் காலர் தைப்பவள். நடந்தால் சத்தமே வராது. நாற்றுகள் மேல் டம்ளரைச் சாய்த்துக்கொண்டே கிசுகிசுத்தாள். "பொழைச்சுக்கோங்கடி. அவன் மானத்தைக் காப்பாத்துங்க."

ஆறே முக்காலுக்கு அத்தான். ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு மீதித் தண்ணீரை நாற்றுத் தட்டில் ஊற்றினார். ஒரு கனைப்பு.

இருவரும் வேலைக்குப் போன பின் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. ஆந்தை உள்ளே கிடப்பதால் ஒன்பது மாதமாக அந்தக் கதவைப் பகலில் யாரும் பூட்டியதில்லை. பதினொரு மணிக்கு அதைத் தள்ளிக்கொண்டு டீச்சர் வந்தார், அன்றாடம் செய்தித்தாள் எடுக்க வருவதுபோல. தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பையிலிருந்து பூவாளி வந்தது. "நிமிர்ந்து நில்லுங்க எல்லாரும். கடைசி வரிசை, உங்களைத்தான்" என்று தண்ணீர் தெளித்தார்.

போர்வைக்குள் அவனுக்குக் கோபம்தான் வரவேண்டும். மூக்குதான் அடைத்துக்கொண்டது. அப்படியே கிடந்தான், டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு போகும்வரை.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சாயத்து அதற்காகத்தான்.

"யார் யார் தண்ணி ஊத்துனீங்க?" என்றான்.

மூன்று பேரும் விளக்கைப் பார்த்தார்கள்.

"நான் ஒரு டம்ளர்தான்டா" என்றாள் அக்கா. "நீ மறந்துட்டியோன்னு."

"டம்ளரா?" அத்தான் திரும்பினார். "நீயும் ஊத்துனியா? நான் இவன்தான் ஊத்தாம தூங்கறான்னு..."

"நான் ஊத்தல, தெளிச்சேன்" என்றார் டீச்சர். "அது வேற."

"டீச்சர், கணக்குப் போடுங்க. நாலு கை, ஒரு தட்டு."

டீச்சர் தரையில் கிடந்த வரிசையைப் பார்த்தார். "விடை பதினெட்டு" என்றார், சின்னக் குரலில்.

"ஏன்டா, வாய் விட்டுச் சொல்றதுக்கு என்ன?" அக்காவுக்கு அழுகை முட்டியது. "ஒவ்வொண்ணா விழும்போது உன் மூஞ்சியைப் பாக்க முடியல. கேட்டா உனக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு..."

அதுதான் விஷயம். அவனுக்குத் தெரியாமல் அவனைத் தாங்கிப் பிடித்தார்கள். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர். அந்த வீட்டில் அன்பு காட்டும் முறையே அதுதான். சொன்னால் அவன் நொந்துவிடுவான் என்று சொல்லாமல் செய்வது. ஒன்பது மாதச் சாப்பாடும் அப்படித்தான் வந்தது. அவனுக்கு என்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. "இனிமே யாரும் ஊத்தாதீங்க" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "ஊத்துனதுக்கு... சரி, விடுங்க" என்றான்.

அன்றே பத்தொன்பதையும் காகிதக் கோப்பைகளுக்கு மாற்றினான். நெடுநெடுவென்று வளர்ந்த தக்காளியை விதையிலை வரை மண்ணில் புதைத்து நட்டால் புதைந்த தண்டிலும் வேர் விடும். பன்னிரண்டாவதைத் தண்டைப் பிடித்துத் தூக்கினான்; இலையைப் பிடித்திருக்க வேண்டும். மளுக்கென்று ஒடிந்தது. அதற்கு வேறு யார் மேலும் பழி போட முடியவில்லை.

பதினெட்டு. தேவை இருபத்தைந்து. புதிதாக விதைக்க நாள் இல்லை. மின்விசிறியை மெதுவாக வைத்து நாற்றுகளை ஆட்டிவிட்டான், தண்டு உரம் பிடிக்க. கோப்பையைக் கையில் தூக்கிப் பார்த்து, எடை குறைந்தால் மட்டும் தண்ணீர். அவற்றுக்கு விளக்குப் போட விடிந்ததும் எழுந்தான். எழுந்ததால் இரவு பத்து மணிக்கே கண் சொருகியது. தூக்கம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டது.

ஆறாம் வாரம், கடைக்குப் போகவேண்டிய காலை, எண்ணினான். இருபத்தைந்து.

மறுபடி எண்ணினான். ஏழு நாற்றுகள் மட்டும் குண்டுத் தண்டோடு, வேறு பச்சையில், எதற்கும் அசையாமல் நின்றன. அத்தான் சமையலறையில் ரொட்டியை மும்முரமாக மென்றுகொண்டிருந்தார்.

"அத்தான், இந்த ஏழும் நம்ம புள்ளைங்க இல்லையே."

"ராத்திரியோட ராத்திரியா வளந்திருக்கும்."

"அத்தான்."

"வேற கடையில வாங்குனேன்டா. அந்தம்மா என்ன, ரேகை எடுத்தா பாக்கப் போகுது?" மெல்லுவதை நிறுத்தினார். "ஏழு நாத்துக்காக நீ திரும்பி அந்த சோபாவுல வந்து படுக்கணுமா?"

அத்தான் ஒன்பது மாதத்தில் அந்த சோபாவைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆந்தை ஏழு கோப்பைகளையும் எடுத்து அத்தானின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "இதுங்களை நீங்க வளத்துக்கோங்க. தண்ணி அளவா ஊத்துங்க."

"ஆந்தைக்குக் கொழுப்பு ஏறிருச்சு" என்றார் அத்தான். ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தார்.

கடைக்கார அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினாள். "பதினெட்டு."

"மூணு முளைக்கல. பதினெட்டு, தண்ணி அதிகமாகிச் செத்துச்சு. ஒண்ணை நான் ஒடிச்சேன்."

"தண்ணி யார் ஊத்துனது? நீதானே?"

"நான் மட்டும் இல்ல. வீட்ல மூணு பேரு, எனக்குத் தெரியாம. நான் தோத்துருவேன்னு பயந்து ஊத்திட்டாங்க."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு கோப்பையைக் கவிழ்த்து, மண்கட்டியை உள்ளங்கையில் வாங்கி, வேரைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று சுற்றி ஓடியிருந்தது. நாற்றைப் பழையபடி கோப்பையில் இறக்கினாள்.

"சர்டிபிகேட்காரனுக்கும் இதே மாதிரி நாப்பது விதை குடுத்தேன். நாப்பதும் நாத்தாக் கொண்டுவந்தான். ஒண்ணு கூட என் விதையில வந்தது இல்ல. நாக்கு கூசாம தன்னோடதுன்னு சொன்னான். எனக்கும் அப்போ ஆள் அவசரம், சேத்துக்கிட்டேன்." கண்ணாடியைக் கழற்றினாள். "இங்க தினமும் பாதி சாகும். ஏன் செத்துச்சுன்னு சொல்ற ஆளுதான் எனக்குக் கிடைக்கல. நாளைக்கு ஏழரைக்கு வா. ஒரு மாசம் பாப்பேன், அப்புறம்தான் நிரந்தரம்."

"சரிங்கம்மா" என்றான். வெளியே வந்தால் அத்தான் பஸ் ஏறாமல் நின்றுகொண்டிருந்தார். வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். ஆந்தை தலையாட்டினான். அத்தான் கனைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மூன்று பேரும் செருப்பு மாட்டினார்கள். பூட்டு துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. அத்தான் லிப்டுக்குப் போடும் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, சாவியை முன்னும் பின்னும் ஆட்டினார். புதிதாக வெட்டிய மூன்றாவது சாவியை அக்கா தம்பியின் சட்டைப் பையில் போட்டாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "எல்லாரும் போயிட்டா நான் பேப்பருக்கு எங்க போறது?" என்றார் டீச்சர்.

அக்கா செய்தித்தாளை அவர் கையில் திணித்தாள். "பூவாளியை உங்க வீட்டுக்குள்ளேயே வச்சுக்கோங்க டீச்சர்."

ஆந்தை படியில் இரண்டு எட்டு இறங்கி நின்றான். திரும்பவில்லை. "அக்கா," என்றான். "பத்து நாள்னு சொன்னேன்ல..."

"ஏழரைக்கு வரச் சொல்லிருக்காங்க. இறங்குடா."

இறங்கினான். பின்னால் அக்கா கதவை இழுத்துச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.