கரடி சொன்ன பதில்

அந்தக் குடும்பத்தில் யாரும் பொய்ப் பேரைப் போட்டுக்கொண்டு பிழைத்ததில்லை. மூத்த மகளுக்குத்தான் அந்தத் தலையெழுத்து வந்து சேர்ந்தது.

கம்பெனியின் மென்பொருளை வைத்து வெளியாட்கள் புதிதாக எதையாவது செய்ய வேண்டும் என்று நிரல் எழுதுபவர்களுக்கான ஒரு டெவலப்பர் திட்டம். நடத்துவது அவள் ஒருத்தி. அதன் இணையப் பக்கம் சும்மா கிடந்தால் திட்டத்தை மூடிவிடுவார்கள். ஆகவே மாதிரி நிரலில் இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி மாற்றி ஏற்றுவாள். வேலை நடந்ததற்கு அடையாளமாக அன்றைய தேதியில் ஒரு பச்சைக் கட்டம் விழும். கட்டுரை எழுதுவாள். கேள்வி கேட்க நாதியில்லாததால் ‘கரடி’ என்று ஒரு கணக்குத் தொடங்கி, கரடியாகக் கேட்டு, தன் பேரில் பதில் சொல்வாள்.

“என் பொண்ணு ஒரு கூட்டத்தையே கட்டி மேய்க்கிறா” என்று சொந்தக்காரர்களிடம் அப்பா மார்தட்டுவார். அந்தப் பேச்சு வந்தாலே அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள்.

ஒருநாள் நிஜமாகவே ஒருவன் கேள்வி கேட்டான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் நிரலை ஓட்டிப் பார்த்து, பிழையைப் பிடித்து, விளக்கமாக எழுதி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் கவனித்தாள்: பதில் கரடியின் பேரில் போயிருந்தது. அழிப்பதற்குள் “நன்றி கரடி அண்ணா” என்று வந்து விழுந்துவிட்டது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார்.

“யாரும்மா இந்தக் கரடி? நேத்து வரைக்கும் அரிச்சுவடி கேட்டுட்டிருந்த ஆளு, என்னமா எழுதியிருக்கான்!”

“சார், அது வந்து…”

“இழுக்காதே. திட்டத்தை அவன்கிட்ட கொடுத்துட்டு உன்னை வேற பக்கம் மாத்திடறேன். நீயே அவன்கிட்ட பேசிடு.”

நான்தான் சார் கரடி என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஒவ்வொரு பச்சைக் கட்டத்தையும் கிளறுவார்கள். அப்பா நிமிர்த்திய தலை தரையைப் பார்க்கும். “சரி சார்” என்று வெளியே வந்தாள்.

சாயங்காலம் கரடியின் பேரில் மேனேஜருக்கு எழுதினாள்: எனக்கு வேலை வேண்டாம், விலகிக்கொள்கிறேன்.

உடனே போன் அவளுக்கு வந்தது. “தங்கமான ஆளும்மா! வேலையே வேணாம்கறான் பாரு. அவனை மட்டும் விட்டுடாதே. அவன் இருக்கற வரைக்கும் உன் திட்டத்தை யாரும் தொட மாட்டாங்க. போயிட்டான்னா கடையைக் கட்ட வேண்டியதுதான்.”

போனை வைத்ததும் அப்பா எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, ஆபீஸ்ல பாராட்டா?”

“ஆமாப்பா.”

“யாரை?”

“என்கிட்ட கத்துக்கற ஒருத்தனைப்பா.”

“அப்போ உன்னைத்தான்!” என்று முதுகு நிமிர எழுந்து, தன் தம்பிக்குச் சொல்லப் போனார்.

திரையில் புதுக் கேள்வி ஒன்று காத்திருந்தது. கீழே, ‘கரடி அண்ணாதான் பதில் சொல்லணும்.’

அவள் தன் கணக்கைவிட்டு வெளியே வந்தாள். கரடியாக உள்ளே போனாள்.