பின்னால் யாராவது நிற்க வேண்டும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் இருந்த ஒரு துண்டுச்சீட்டிலிருந்து வந்தது. 'காரில் இடது பக்க பிரேக் லைட் எரியவில்லை. நாளை நான் வேலைக்குப் போகுமுன் மாற்றவும்.' என் மனைவி எழுதியது. அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அவள் எழுதும் எல்லாமே மருந்துச்சீட்டு மாதிரிதான் இருக்கும்.

அவள் என்னோடு பேசிப் பதினோரு நாள் ஆகிறது. காரணம், நான் எழுதிய போன கதை. அதில் ஒரு மனைவி தூக்கத்தில் 'சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு வேளை' என்று உளறுவாள். கடையில் ஒருவர் விடாமல் படித்துவிட்டார்கள். இப்போது இவள் டீ எடுத்தாலே, 'சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்புறமா?' என்று கேட்கிறார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள், "இன்னொரு தடவை என்னைக் கதையில எழுதினீங்க, அவ்வளவுதான்" என்றாள். அதோடு பேச்சு நின்றுபோனது.

ஆகவே இந்தக் கதையில் அவள் வரமாட்டாள். மேலே உள்ள இரண்டு பத்தியையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: 'மேகம் மூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் தன் வாழ்வின் இருண்ட...' வேண்டாம். ஒரு பல்புக்கு இது ரொம்ப அதிகம்.

இரண்டாவது: 'டிக்கியைத் திறந்தான்.' இது பரவாயில்லை. ஆனால் திறந்தது நான்தான். உள்பக்க அட்டையைக் கழற்றிக் கையை விட்டு, ஹோல்டரைக் கால் சுற்று திருப்பினால் பல்போடு வெளியே வரும். பழைய பல்பு உள்ளே கறுத்திருந்தது. புதியது உள்ளே போவேனா என்றது. அதன் அடியில் இரண்டு குமிழ், ஒன்று மேலே, ஒன்று கீழே. நான் பக்கம் மாற்றிப் பிடித்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம், அதில் பதினெட்டு நிமிடம் பல்பைத் திட்டியதில் போனது.

மாட்டியாயிற்று. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிரேக்கை மிதிக்கிறவனுக்குத் தன்னுடைய பிரேக் லைட் தெரியாது. பின்னால் யாராவது நின்று 'எரியுது' என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பதோ என்னைத் தவிர...

[இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும்.]

3

பெடல்மேல் கனமாக எதையாவது வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கலாமே. என் சிறுகதைத் தொகுப்பில் விற்காத பிரதிகள் கார் ஷெட்டில்தான் கிடக்கின்றன. ஒரு கட்டுப் புத்தகத்தை வைத்தேன். பெடல் அசையவில்லை. இன்னொரு கட்டையும் வைத்தேன். என் கதைகளில் கனமில்லை என்று விமர்சகர்கள் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

சரி, எழுத்தாளனுக்கு ஆள் பஞ்சமா? ஒரு மெக்கானிக்கை எழுதினேன். நீலச் சட்டை, காதில் பென்சில். [காதில் பென்சில் வைப்பவர் தச்சர். எடுத்துவிட்டேன்.] ஷெட்டுக்குள் வந்து நின்றார்.

"பல்பை நீங்களே மாட்டிட்டீங்களே சார், நான் எதுக்கு?"

"பின்னாடி நின்னு எரியுதான்னு சொல்லணும்."

"அதுக்குப் போயி மெக்கானிக்கா? மேல ஜன்னல்ல ஒரு அம்மா பாத்துக்கிட்டே நிக்கிறாங்களே, அவங்களைக் கூப்பிடுங்க."

"அவங்க இந்தக் கதையில இல்லை."

"எனக்கு நல்லாத் தெரியுறாங்க சார்."

அவரை இரண்டு வரி முன்னாலேயே நீக்கியிருக்க வேண்டும். போகும்போது என் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார், இன்னும் தேடுகிறேன்.

அடுத்து மைத்துனனை எழுதினேன். அவன் ஷெட்டுக்குள்ளேயே வரவில்லை. "அக்கா கீழ வரட்டும், அப்புறம் வரேன் மாமா. இல்லேன்னா என்னோடயும் பேச மாட்டா" என்று வாசலோடு திரும்பிவிட்டான். நான் கற்பனை செய்த ஆட்களுக்குக்கூட அவளிடம் பயம்.

4 (அடிக்குறிப்பு, தவறி நடுவில் வந்துவிட்டது)

'காரைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் வெளிச்சம் சுவரில் விழுமே, இதற்கு எதற்கு ஆள்?' என்று கேட்கும் வாசகருக்கு: அந்தச் சுவர் எனக்கும் தெரியும். அதைக் கதையிலிருந்து எடுத்ததே நான்தான். பதினோரு நாளாக ஃபிரிட்ஜோடு குடித்தனம் நடத்துகிறேன். 'பால் வாங்கவும்', 'கேஸை மூடவும்' என்று அதுதான் என்னோடு பேசுகிறது. எனக்கு அவள் குரல் கேட்க வேண்டும். 'எரியுது' என்ற ஒரே ஒரு சொல் போதும்.

5

கூப்பிட்டேன். "ஏம்மா, கொஞ்சம் பின்னாடி வந்து நில்லேன்."

வந்தாள். வெளிச்சம் தெரியட்டும் என்று ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். அந்த அரை இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மிதித்தேன். உள்கண்ணாடியில் அவள் முகம் இரண்டு பக்கமும் சிவந்தது. அப்படியென்றால் இடது பக்கமும் எரிகிறது. எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

"எரியுதா?" என்று கேட்டேன்.

காரைச் சுற்றிக்கொண்டு என் கதவருகே வந்து குனிந்தாள்.

"இதையும் எழுதுவீங்களா?"

'எழுதுவேன்' என்பது ஒரு முடிவு. 'ஏற்கெனவே நாலு பகுதி எழுதிவிட்டேன்' என்பது இன்னும் நேர்மையான முடிவு. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் மாடிக்குப் போய்விடுகிறாள்.

"மாட்டேன்" என்றேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "எரியுது. காலை எடுங்க, பேட்டரி இறங்கிடும்."

ஒரு சொல் கேட்டவனுக்கு ஐந்து சொல் கிடைத்தது. கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஆகவே, நான் இதை எழுதவில்லை. நீங்கள் இதைப் படித்தீர்களா, இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.