அவள் வரையாத கோடு

ஒப்பனைக் கூடாரத்தில் தம்பி சட்டையில்லாமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அக்கா அவன் முதுகில் சவுக்கடிக் காயங்களை வரைந்துகொண்டிருந்தாள்.

“கூசுதுக்கா.”

“ஆடாதடா. அடி வாங்கினவன் எவனாவது இளிப்பானா?”

படங்களில் கும்பலோடு கும்பலாக நின்று நின்று அவனுக்குக் ‘கூட்டம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. இந்தப் படத்தில்தான் முதல்முறையாக வாயைத் திறக்கப்போகிறான். வேதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்தவர்களைப் பற்றிய பழங்காலத்துக் கதை. தோட்டத்துரை ஒரு கூலியைக் கம்பத்தில் கட்டி அடிப்பார். பாதிரியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு மனம் கேட்காமல் வந்து காயத்தைக் கழுவுவார். அப்போது கூலி கேட்க வேண்டும்: “இதுவும் உங்க வேதத்துல இருக்கா, சாமி?”

அவ்வளவுதான். அந்த ஒரு வரியைத் தம்பி பல் துலக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தான். வசனம் பேசியவனுக்கு நடிகர் சங்க அட்டை உண்டு. அப்புறம் யாரும் கைதட்டிக் கூப்பிட முடியாது.

சவுக்கு, பருத்தி நூலில் தொளதொளவென்று பின்னியது. பட்டால் பூனை வாலால் தட்டியதுபோல இருக்கும். அன்று காலை இயக்குநர், “கேமராவுல துணி மாதிரியே தெரியுதே” என்று சலித்துக்கொள்ள, சாமான்களைப் பார்த்துக்கொள்பவர் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பளபளக்க வைத்தார். ஊறிய நூல் இறுகிக் கனத்துவிடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

முதல் அடியிலேயே தம்பி துள்ளினான். கத்தினால் ஆளை மாற்றிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டான். ரத்தம் கசிவதைத் துரையாக நடித்தவரும் பார்த்தார். எல்லாம் அக்காவின் கைவண்ணம் என்று மெச்சிக்கொண்டே இன்னும் ஓங்கி அடித்தார். அக்கா மட்டும் கூர்ந்து பார்த்தாள். தோளிலிருந்து விலாவரை ஓடிய அந்தக் கோட்டை அவள் வரையவில்லை.

“நான் போய்ச் சொல்லிடறேன்,” என்றாள் கூடாரத்தில்.

“உன் கால்ல விழறேன்க்கா. மத்தியானம் என் வசனம். வெளியில எத்தனை பேர் வேஷம் கட்டிட்டு நிக்கறாங்க, பாத்தல்ல?”

“செத்துத் தொலைஞ்சன்னா?”

“வசனத்தைச் சொல்லிட்டுச் சாகறேன்.”

உதவி இயக்குநர் தலையை நீட்டினான். “அக்கா, அந்த நீளக் காயம் கறுத்துப்போச்சு. கொஞ்சம் செவப்பு ஏத்துங்க.”

சொல்லிவிட வாயெடுத்தாள். தம்பி கண்ணாலேயே கெஞ்சினான். தூரிகையை எடுத்து நிஜப் புண்ணின் மேல் பொய் ரத்தத்தைப் பூசினாள். அவன் முக்காலியின் விளிம்பை நெரித்துப் பிடித்துக்கொண்டான்.

மத்தியானம், பாதிரியாராக நடித்தவர் உப்புநீரில் துணியை நனைத்து அவன் முதுகில் ஒற்றினார். இயக்குநர் உப்பென்று சொல்லியிருந்தார், இவரும் உப்பையே கரைத்திருந்தார். தம்பி அலறினான். ஏதோ ஒரு மிருகத்தின் குரல் அது. மனப்பாடம் செய்த வரி இருந்த இடம் தெரியவில்லை.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஓகே! இதுக்கு மேல எதுக்கு வசனம்? தூக்கிடுங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள்.

“சார், எனக்கு அந்த ஒரு வரி…”

“அந்த அலறல் போதும்டா, கூட்டம். நாளைக்குக் கிட்டத்துல வெச்சு எடுப்போம். காயம் இதேமாதிரி இருக்கணும்.”

“சார், அது நான் போட்ட காயம் இல்ல,” என்றாள் அக்கா.

இயக்குநர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். விரலைத் துண்டில் துடைத்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது. பிறகு தம்பியின் காதருகே, “நாளைக்கு வரைக்கும் தாங்குவியா? வசனத்தையும் சேர்த்துப் பாக்கலாம்” என்றார்.

“தாங்குவேன் சார்.”

கூடாரத்தில் அக்கா களிம்பையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு வந்தாள். தம்பி முதுகைக் கூடாரத் துணியோரமாக ஒதுக்கிக்கொண்டான்.

“போடாதக்கா,” என்றான் பயந்துபோய். “ஆறிடும்.”