மச்சமில்லாத படம்

பால்வாடி ஆசிரியை வேலைக்கு மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். 1979, ஜூன் மாதம். ஞானசுந்தரியின் மனுவில் இருந்த படத்தையும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் குமாஸ்தா மாறிமாறிப் பார்த்தார்.

“அடையாளம், இடது கன்னத்துல மச்சம்னு போட்டுக்கீது. உனக்கும் கீது. படத்துல காணோமே. தங்கச்சி படமா?”

“நான்தாங்க சார்.”

“அத நீ சொல்ற. படம் சொல்லலியே. நாலு மணிக்குள்ள வேற கொண்டா.”

உத்திரமேரூர் கடைத்தெருவில் வேதகிரியின் ஸ்டூடியோவில் அவளுக்கு எட்டு வருஷமாக டச்சிங் வேலை. நெகடிவில் பென்சிலால் நுணுக்கமாகத் தீற்றி, பரு, தழும்பு, மச்சம் எல்லாவற்றையும் மறைப்பாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் பெண்களின் படங்கள்தான் அதிகம். போன வாரம் வேதகிரி ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தபோது, காமிராவின் முன் தனியாக உட்கார்ந்து, நீண்ட குழாயின் முனையிலிருந்த ரப்பர் பந்தை அழுத்தித் தன்னைத்தானே எடுத்துக்கொண்டாள். நெகடிவ் காய்ந்து மேஜைக்கு வந்ததும் கை வழக்கம்போல் வேலையை முடித்துவிட்டது.

வேதகிரி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். “ஊரு பொண்ணுங்க மச்சத்த எடுத்தது பத்தாதுன்னு உன்னுதயும் எடுத்துட்டியா? இன்னாம்மா ஞானம்.”

டர்பன்டைன் தொட்ட பஞ்சால் நெகடிவைத் துடைத்தாள். மச்சத்தின் மேலிருந்ததை மட்டும் தனியாக எடுக்க வழியில்லை. எல்லாப் பென்சிலும் போனது. இருட்டறையில் மருந்துத் தட்டுக்குள் புதுப் படம் மெல்லத் தெரிய ஆரம்பித்தது. கண்ணுக்குக் கீழே கருமை, வாயோரம் இரண்டு கோடு, நெற்றியில் சுருக்கம்.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பழைய படத்தில் மிச்சமிருந்த பிரதியின் பக்கத்தில் வைத்தாள். பழையதில் இருந்தது, மச்சம் ஒன்றைத் தவிர, ஸ்டூடியோவில் சேர்ந்த புதிதில் அவளுக்கு இருந்த முகம். தினமும் கண்ணாடியில் தலை வாரும்போதும் அவள் அதைத்தான் பார்த்து வந்திருக்கிறாள்.

“கண்ணுக்குக் கீய மட்டும் ஒரு டச் வெச்சிடட்டுமா? மச்சத்து பக்கம் போவ மாட்டேன்,” என்றார் வேதகிரி.

அவளே பென்சிலை எடுத்தாள். கூர் பார்த்தாள். திரும்ப வைத்துவிட்டாள்.

“வாணாண்ணா. கொயந்தைங்க எதிர போயி ஒக்காரப்போறது இந்த மூஞ்சிதான்.”

மூன்றரைக்கு ஆபீசில் இருந்தாள்.

“இது இப்ப எடுத்ததா?” என்றார் குமாஸ்தா.

“ரெண்டும் ஒரே படந்தாங்க சார்.”

அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். புதியதன் பின்னால் கோந்து தடவினார்.

“வியாழக்கிழமை இன்டர்வியூ. பதினோரு மணி. லேட்டா வராத.”

முதல் படம் அவர் மேஜையிலேயே கிடந்தது. ஞானசுந்தரி அதைத் திருப்பிக் கேட்கவில்லை.