வடிதாளில் தங்கிய பொடி

ஏழரை கிராம் மெட்டால் பொடியை நிறுத்துக் காகிதத்தில் கொட்டியபோது ஒரு துகள்கூடச் சிந்தவில்லை. மருந்துக்கடையில் முப்பது வருஷம் கலவை போட்ட கை. மச்சினன் விபத்தில் போய் இரண்டு மாதம். ஊரையெல்லாம் படம் பிடித்தவனுக்கென்று இருப்பது அடையாள அட்டையில் முறைக்கிற ஒரே படம். கடைசியாக வந்தவன், "ஒரு தடவ நீயே என்னை எடுக்கா" என்று கேமராவை அக்காவிடம் நீட்டினானாம், என் மனைவி எடுத்தாளாம். அந்தக் கறுப்பு வெள்ளைச் சுருள் கேமராவுக்குள்ளேயே கிடந்தது. கழுவித்தர இப்போது ஸ்டுடியோ ஏது? சுருள் கழுவும் டெவலப்பர் கரைசலை நானே கலக்குகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் மெட்டால், அது கரைந்தபின் சல்ஃபைட் உப்பு என்று குறிப்பில் இருந்தது. எனக்கா பாடம்? நூறு கிராம் சல்ஃபைட்டை வைத்துக்கொண்டு ஏழரை கிராமையா முதலில் கரைப்பார்கள்? எந்த சிரப்பிலும் அதிகம் உள்ளதுதான் முதலில் இறங்கும். இறக்கினேன். அப்புறம் போட்ட மெட்டால் கரையாமல் வெள்ளையாக மிதந்தது. கசடு என்று வடிதாளில் வடித்துவிட்டேன். கரைசல் கண்ணாடி மாதிரி தெளிந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன் வேறு.

குளியலறையை இருட்டாக்கிச் சுருளை வெளிச்சம் புகாத டப்பாவில் ஏற்றி மூடினேன். விளக்கைப் போட்டுக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிஷம் ஆட்டினேன். அதைக் கொட்டிவிட்டு ஹைப்போவை ஊற்றினேன். படம் உருவாகாத இடத்தையெல்லாம் ஹைப்போ கரைத்துவிடும், அதன்பின் மீட்க வழியே இல்லை. டப்பாவை ஆட்டிக்கொண்டே வாஷ்பேசினைப் பார்த்தேன். வடிதாளில் வெள்ளைப் பொடி, நான் நிறுத்த அளவு அப்படியே. சல்ஃபைட் தண்ணீரில் மெட்டால் கரையாது, அதற்குத்தான் அந்த வரிசை. படத்தை வரவைப்பதே அந்தப் பொடிதான். ஐயோ, அதை வடித்துவிட்டல்லவா ஊற்றியிருக்கிறேன்! கை பாட்டுக்கு ஆட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது?

"என்னங்க, வந்துட்டானா?" கதவுக்கு வெளியே அவள்.

"இரும்மா. அஞ்சு நிமிஷம்."

அலசி எடுத்த சுருள் முழுக்க வெறுமை. ஒரு நிழல்கூட இல்லை. அவள் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சாண் சாணாகத் தள்ளிப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"தோ பாருங்க, இது அவன்தானே? தலை மாதிரி தெரியுதே?"

தண்ணீர்த் துளி.

"ஆமா," என்றேன்.

துளி மெல்லக் கீழே வழிந்தது. அவள் விரல் அதன் பின்னாலேயே போனது.